மின்னிணைப்பற்ற மேடையும் மலையகப் பாடலும்

நாட்டார் பாடல் பற்றித் தமிழில் நிகழும் உரையாடல்கள் பெரும்பாலும் இரு நிலைப்பாடுகளுக்கிடையே ஊசலாடுகின்றன. பாடலை அதன் பழைய வடிவத்திலேயே, பிற கலப்பின்றிக் காக்க வேண்டும் என்பது ஒன்று. காலம் மாறிவிட்டமையால் அதனை ஏட்டிற் பதித்து வைத்துவிட்டுப் புதிய இசையை நாடுவதே முறை என்பது மற்றொன்று. மலையகத் தோட்டப்புறப் பாடல்களைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒரே விளைவையே தருகின்றன. பாடல்கள் நூலில் நிலைபெற்றுள்ளன. பாடுவோரோ அருகி வருகின்றனர். இச்சிக்கலைத் தெளிந்துகொள்ளத் தொலைவிலுள்ள ஓர் எடுத்துக்காட்டுத் துணைபுரியக்கூடும். அது நிர்வாணா என்னும் அமெரிக்க றொக் இசைக்குழுவின் 'எம்.ரி.வி. அன்பிளக்ட் இன் நியூ யோர்க்' என்னும் இசைத்தொகுப்பாகும்.

1993 நவம்பர் 18ஆம் நாள் நியூ யோர்க் நகரில், பார்வையாளர் முன்னிலையில் நிகழ்த்தப்பட்ட கச்சேரியின் ஒலிப்பதிவு இது. மின்கருவிகளின் பேரிரைச்சலுக்குப் பெயர்பெற்ற குழுக்களை, அவ்விரைச்சலின்றிப் பாடவைப்பதே அத்தொலைக்காட்சி நிகழ்ச்சியின் நோக்கம். குழுவின் பாடகரான கேர்ட் கோபேன் 1994 ஏப்பிரலில், தமது 27ஆவது வயதில் உயிர்துறந்தார். அதே ஆண்டு நவம்பரில் இத்தொகுப்பு வெளிவந்தது. ஆதலால் பலர் இதனை மரண சாசனமாகவே கேட்டுப் பழகிவிட்டனர். மேடையை அலங்கரித்த லில்லி மலர்களும் மெழுகுவர்த்திகளும் அவ்வெண்ணத்தை மேலும் வலுப்படுத்தின. ஆயினும் இறப்பின் நிழலை மட்டுமே இதிற் காண்பது இதன் கலைப்பெறுமானத்தைக் குறுக்குவதாகும்.

இதிலுள்ள பதினான்கு பாடல்களுள் ஆறு, பிறர் பாடியவை. குழுவுக்கு உலகப் புகழ் ஈட்டித் தந்த பாடலுக்கோ இங்கு இடமில்லை. டேவிட் பௌவியின் பாடல் ஒன்றும், ஸ்கொட்லாந்தின் வசலீன்ஸ் குழுவினரது பாடல் ஒன்றும், மீற் பப்பற்ஸ் என்னும் அதிகம் அறியப்படாத குழுவின் மூன்று பாடல்களும், இறுதியாக ஒரு நாட்டார் பாடலும் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. மீற் பப்பற்ஸ் குழுவின் சகோதரர் இருவர் மேடைக்கே அழைக்கப்பட்டு உடன் வாசிக்கின்றனர். மேளக்காரரான டேவ் குரோல் தடித்த குச்சிகளை விடுத்துத் தூரிகைகளால் வாசிக்கிறார். லோரி கோல்ட்ஸ்டனின் செலோ, பாடல்களின் அடியில் மெல்லிய துயர இழையாக ஓடுகின்றது. சில இடங்களில் கோபேனின் குரல் எட்டாத சுரத்தை நோக்கி ஏறித் தளர்கின்றது. செம்மை நாடும் செவிக்கு இது குறையாகத் தோன்றலாம். இரைச்சல் மறைத்து வைத்திருந்த சொல்லும் மூச்சும் இங்கு வெளிப்படுவதே இத்தொகுப்பின் வலிமை எனலாம்.

எனினும் 'மின்னிணைப்பற்ற' என்னும் அடைமொழி முழு உண்மையன்று. கோபேனின் கிற்றார் ஒலிபெருக்கியுடன் இணைக்கப்பட்டிருந்தது; அது பார்வையாளருக்குத் தெரியாதவாறு பெட்டியொன்றினால் மறைக்கப்பட்டிருந்தது. ஆகவே இத்தொகுப்பின் எளிமை கம்பியை அறுத்தெறிந்ததனால் வந்ததன்று. எதனை ஒலிக்கச் செய்வது, எதனை அடக்கி வைப்பது என்ற தெரிவினால் வந்தது. தூய்மையை மட்டுமே அளவுகோலாகக் கொள்வோர் சிந்திக்க வேண்டிய உண்மை இது.

தொகுப்பின் சிகரம் இறுதிப் பாடலேயாகும். பைன் மரக்காட்டின் குளிர் இரவைப் பாடும் அப்பாடல், அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைப்பகுதியில் வேர்கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் வழங்கி வருவதாகக் கருதப்படுகின்றது. வெள்ளை மலைவாசிகளும் கறுப்பினத் தொழிலாளரும் தத்தமக்கேற்ப அதனை மாற்றிப் பாடி வந்துள்ளனர். கோபேனுக்கு அதனைக் கையளித்தது லெட் பெலி என அறியப்பட்ட ஹடி லெட்பெற்றரின் ஒலிப்பதிவு. லூயிசியானாவிற் பிறந்து, பருத்தி பறித்து, சிறையில் வாடிய கறுப்பினப் பாடகர் அவர். 1933இல் சிறைக்குள் வைத்தே நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஜோன் லோமாக்ஸ் அவரது குரலைப் பதிவுசெய்தார். மரத்தொழிலை நம்பி வாழ்ந்த அபர்டீன் என்னும் சிற்றூரிற் பிறந்த கோபேன், அறுபது ஆண்டுகளின் பின் அவரது பெயரை மேடையிற் சொல்லியே அப்பாடலைத் தொடங்குகிறார். முதலிற் கதை சொல்வதுபோல் தாழ்ந்து ஒலிக்கும் குரல், கடைசிச் சரணத்தில் உச்சத்தாயிக்குத் தாவிக் கிழிபடுகின்றது. இறுதிச் சொற்களுக்கு முன் ஒரு கணம் நின்று மூச்சிழுக்கிறார். அம்மூச்சிலே பழைய பாடல் நிகழ்காலத்துக்கு உரியதாகி விடுகின்றது.

இதில் முரண்பாடு இல்லாமலில்லை. 1949இல் இறந்த லெட் பெலியின் வாழ்வில் வறுமை நீங்கவில்லை. கோபேன் அன்று வாசித்த கிற்றாரோ 2020இல் அறுபது இலட்சம் டொலருக்கும் மேல் ஏலம் போனது. உழைக்கும் மக்களின் துயரம் சந்தையிற் பண்டமாக மாறுவதை இந்நிகழ்ச்சியும் தவிர்க்கவில்லை. ஆயினும் சந்தை ஒரு பாடலைக் கைப்பற்றியது என்பதனாலேயே அதைப் பாடியவரின் நேர்மை பொய்யாகிவிடாது. மூலத்தின் பெயரை மறைக்காமை அந்நேர்மையின் முதற்படியாகும்.

இங்கிருந்து மலையகத்தை நோக்கினால் ஒப்புமையும் வேற்றுமையும் ஒருங்கே புலப்படும். நுவரெலியா, அட்டன் மலைத்தொடர்களிலும் மலையும் குளிரும் தோட்ட உழைப்பும் கூடிப் பாடல்களைப் பிறப்பித்தன. கொழுந்து பறித்தோரும், கங்காணியின் கொடுமைக்கு ஆளானோரும், கடல் கடந்து வந்த வழியில் உறவினரை இழந்தோரும் அவற்றைப் பாடினர். சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) அவற்றைத் தேடித் தொகுத்தமையால் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூல் கிடைத்துள்ளது. ஆனால் நூல் சொல்லைத் தருமேயன்றி மெட்டையும் மூச்சையும் தருவதில்லை. லோமாக்ஸின் ஒலிப்பதிவுகளுக்கு நிகரான ஒரு குரற்களஞ்சியம் மலையகப் பாடல்களுக்குப் பரவலாகக் கிட்டும் நிலையில் இல்லை. தோட்டத்துத் திருவிழா மேடைகளிலோ திரைப்படப் பாடல்களே ஓங்கி ஒலிக்கின்றன.

பாடலைத் தன் காலத்துக்கு உரியதாக்கும் மரபு மலையகத்துக்குப் புதியதன்று. கோ. நடேசய்யரின் துணைவியாரான மீனாட்சி அம்மை, தொழிற்சங்க மேடைகளிற் பாடித் தொழிலாளரை ஒன்றுதிரட்டினார். தமது பாடல்களை 1940இல் சிறுநூலாகவும் வெளியிட்டார். மக்களுக்குப் பழக்கமான மெட்டுகளிற் புதிய அரசியற் செய்தியைப் பொதிந்தமையே அவரது வெற்றி. பழமையைக் காத்தல், புதுமையை நாடுதல் என்ற பிரிவினை அவரிடத்தில் எழவேயில்லை.

நிர்வாணாவின் வழியை அப்படியே பின்பற்றுதலும் பொருந்தாது. அக்குழுவுக்கு இரைச்சலை அடக்குதல் விடுதலையாயிற்று. தப்போ உரத்து ஒலிப்பதையே இயல்பாகக் கொண்ட கருவி. விடியலிற் பெரட்டுக்கு அழைத்ததும், மாசி மாதத்துக் காமன் கூத்தை நடத்துவதும், இறந்தோரை வழியனுப்புவதும் அதன் ஓசையே. அக்கருவியின்மீது சாதி இழிவு சுமத்தப்பட்ட வரலாறும் உண்டு. ஆகவே தப்பை அடக்கி, மென்மையான கிற்றாரின் துணையோடு தோட்டப்பாடலை நாகரிகப்படுத்த முனைவது, பாடலுக்கு உரியவர்களின் குரலை மீண்டும் ஒருமுறை அடக்குவதாகவே முடியும். அடக்கப்பட வேண்டியது பாடலை மூடி மறைக்கும் ஓசையேயன்றிப் பாடலின் சொந்த ஓசையன்று.

எனவே இவ்விசைத்தொகுப்பு மலையகத்துக்கு அளிப்பது பாணியன்று, ஒரு நெறி. பாட்டி பாடிய ஒப்பாரியையும் தாலாட்டையும், அவரது குரல் ஓயுமுன் ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். பாடியவர் விரும்பின் அவரது பெயரையும் தோட்டத்தின் பெயரையும் உடன் பதிதல் வேண்டும். அதன்பின் இளந்தலைமுறை தனக்கு இசைந்த கருவியோடு, தன் காலத்து வேதனையைக் கலந்து அவற்றைப் பாடட்டும். குரல் சற்றுப் பிசகினும் குற்றமில்லை. ஒரு பாடலின் உயிர் பிழையற்ற பிரதியில் இல்லை; அதனை மீண்டும் பாட வேண்டிய தேவையை உணர்ந்த தொண்டையிலேயே உள்ளது.