'தற்காலிகம்' என்ற சொல் எங்கே போச்சு?

1948-ல் பாஸ்டனில், பன்னிரண்டே நாள் இடைவெளியில் இரண்டு விஷயங்கள் வெளிவந்தன. இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் ஒரே ஆள்: ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவர் சிட்னி ஃபார்பர். இரண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நன்கொடை கேட்பதில் உள்ள பெரிய சிக்கல் தெரியும்.

முதலாவது, மே 22 அன்று ஒலிபரப்பான ரேடியோ நிகழ்ச்சி. ஃபார்பரிடம் சிகிச்சையில் இருந்த 12 வயதுப் பையனை 'ஜிம்மி' என்ற பெயரில் பேச வெச்சாங்க. அவனுக்குப் பிடித்த பேஸ்பால் வீரர்கள் கட்டிலருகே வந்து நின்னாங்க. 20,000 டாலருக்கு மேல் சேர்ந்தால் ஜிம்மிக்கு ஒரு டிவி என்றார்கள். சேர்ந்ததோ 2,30,000 டாலருக்கு மேல்!

இரண்டாவது, ஜூன் 3 அன்று மருத்துவ இதழில் வந்த ஃபார்பர் குழுவின் கட்டுரை. ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்கு அமினாப்டெரின் கொடுத்ததில் 10 பேருக்குப் பலன் தெரிந்தது. (மருந்து வந்தது எல்லாப்பிரகடா சுப்பாராவின் ஆய்வுக்குழுவிடமிருந்து, அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.) ஆனா அந்தக் கட்டுரையின் தலைப்பே 'தற்காலிக' என்ற சொல்லோடுதான் தொடங்குது. நோய் திரும்பி வந்துடும் என்பதை ஒளிக்கவே இல்லை.

ரேடியோவும் பொய் சொல்லலை. ஆராய்ச்சிக்குன்னு சொல்லித்தான் பணம் கேட்டாங்க. என் விமர்சனம் வேற. கேட்டவங்க மனசுல நின்னது ஒரு பையன், ஒரு டிவி. டிவி வந்ததும் கதை முடிஞ்சுது. ஆராய்ச்சி அப்படி முடியாது.

இந்த இடைவெளி போகப் போகப் பெரிசாச்சு. 1969 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸில் ஒரு முழுப்பக்க விளம்பரம்: அதிபர் நிக்சனால் புற்றுநோயைக் குணப்படுத்த முடியும், நாட்டின் 200-வது பிறந்தநாளுக்குள் முயலலாமே என்று. ஃபார்பரின் நம்பிக்கையும் அதில் சாட்சியாக வந்தது. 1971-ல் சட்டமே வந்தது. 1976-ம் வந்தது; தீர்வு வரலை.

கொடுத்த பணம் வீண் என்று நான் சொல்லலை. அமினாப்டெரினின் உறவு மருந்தான மெத்தோட்ரெக்ஸேட் இன்னைக்கும் பயன்படுது. குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோயிலிருந்து, வசதியான நாடுகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறாங்க. ஆனா அதுக்குப் பல பத்தாண்டுகள் ஆச்சு. கெடு வெச்சுக் கேட்டால், கெடு தாண்டினதும் "இத்தனை கொட்டியும் என்ன கண்டுபிடிச்சீங்க?" என்ற கேள்விதான் மிஞ்சும்.

'தற்காலிகம்'னு சொன்னா யார் காசு கொடுப்பா என்று கேட்பீர்கள். அதுக்குப் பதில் ஜிம்மியிடமே இருக்கு. அவன் பிழைத்துக்கொண்டான். ஐனார் கஸ்டாஃப்சன் என்ற அவனுடைய உண்மைப் பெயர் வெளியே தெரிந்தது 1998-ல்தான். அதுவரை, அவன் எப்பவோ இறந்திருப்பான் என்றே பலரும் நினைச்சாங்க. அப்படியும் ஐம்பது வருஷம் அவன் பெயரில் பணம் வந்துகொண்டேதான் இருந்தது. கொடுக்கிறவங்களுக்கு உண்மையைத் தாங்கும் தெம்பு உண்டு. கேட்கிறவங்கதான் அதை நம்புறதில்லை.