இரண்டு மனமாற்றங்கள்: தனி வகுப்பா, பொது வகுப்பா?

போன மே மாதம் எதிர்வீட்டு அக்கா ஒரு கேள்வி கேட்டார். அவர் மகளுக்கு ஏழு வயது. எல்லாம் புரியும், ஆனால் மெதுவாகப் புரியும். "தனியா சொல்லிக் கொடுக்கிற ஸ்கூல்ல சேர்க்கட்டுமா, இல்ல சாதாரண ஸ்கூல்லயே விடட்டுமா? நீதான் இதெல்லாம் படிக்கிறியே, சொல்லுப்பா."

நான் யோசிக்கவே இல்லை. "சாதாரண ஸ்கூல்தான்க்கா. பிள்ளைகளைப் பிரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். உள்ளடக்கிய கல்வி பற்றி நாலு கட்டுரை படித்தவன் சொல்லக்கூடிய பதில்தான். அன்றிரவு பெரியம்மா மகன் ஞாபகம் வந்தது. அதன்பிறகு அந்தப் பதில் என்னைத் தூங்க விடவில்லை. அதனால் இந்த விவாதத்தின் இரண்டு முக்கியமான எழுத்துகளை மறுபடி எடுத்துப் படித்தேன். இரண்டையும் எழுதியவர்கள் தாங்கள் முன்பு கட்டியதையே பின்னால் சந்தேகித்தவர்கள்.

முதலாமவர் லாயிட் டன். அமெரிக்கச் சிறப்புக் கல்வித் துறையின் பெரிய தலைகளில் ஒருவர். பிள்ளைகளின் சொல்லறிவை அளக்கும் புகழ்பெற்ற பீபாடி சோதனையை உருவாக்கியவரும் அவரே. அப்படிப்பட்டவர் 1968இல் ஒரு கட்டுரை எழுதுகிறார். லேசான அறிவுக் குறைபாடு என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளுக்கான தனி வகுப்புகளில் பெரும்பாலானவற்றை நியாயப்படுத்த முடியுமா என்பதுதான் அதன் கேள்வி. முடியாது என்பது அவர் பதில். அந்த வகுப்புகளில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கிறார். கறுப்பினப் பிள்ளைகள், பூர்வகுடிப் பிள்ளைகள், வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள், ஏழைப் பிள்ளைகள். தன் கணிப்பில் 60 முதல் 80 சதவீதம் பேர் இப்படிப்பட்டவர்கள் என்கிறார். பொது வகுப்பு ஆசிரியருக்குத் தலைவலி குறைகிறது, பிள்ளைக்கு ஒரு பட்டப்பெயர் மிஞ்சுகிறது என்பதுதான் அவர் குற்றச்சாட்டின் சாரம்.

இங்கே ஒரு குறை சொல்லியாக வேண்டும். அந்த 60–80 அவருடைய அனுபவக் கணிப்புதான், எண்ணிப் பார்த்த கணக்கு இல்லை. ஆனால் அவர் காட்டிய திசை தவறவில்லை. கலிஃபோர்னியாவில் லாரி பி. வழக்கு என்று ஒன்று நடந்தது. மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக இருந்த கறுப்பினப் பிள்ளைகள், இந்தத் தனி வகுப்புகளில் சுமார் கால் பங்காக இருந்தார்கள். அவர்களை அங்கே அனுப்ப ஐ.க்யூ. சோதனையைப் பயன்படுத்தக் கூடாது என்று 1979இல் நீதிபதி ராபர்ட் பெக்கம் தீர்ப்பளித்தார்.

இன்னொன்றையும் கவனிக்கணும். டன் எல்லாத் தனி வகுப்பையும் மூடச் சொல்லவில்லை. அவர் பேசியது லேசான குறைபாடு உள்ள பிள்ளைகளைப் பற்றி மட்டுமே. பின்னால் அவரை மேற்கோள் காட்டிய பலர் இதை வசதியாக மறந்துவிட்டார்கள். அக்காவிடம் பேசிய நானும் சேர்த்துத்தான்.

இரண்டாமவர் மேரி வார்னாக், பிரிட்டிஷ் தத்துவவாதி. அவர் தலைமையிலான குழு 1978இல் கொடுத்த அறிக்கைதான் இங்கிலாந்தில் பிள்ளைகளைக் குறைபாட்டு வகைகளாகப் பிரிப்பதை விட்டு, 'சிறப்புக் கல்வித் தேவை' என்று பேச வைத்தது. பள்ளிக் காலத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் ஐந்தில் ஒரு பிள்ளைக்கு இந்தத் தேவை வரலாம் என்று அது சொன்னது. 1981 கல்விச் சட்டம் அதன் வழியில் வந்தது. அதே வார்னாக் 2005இல் ஒரு சிறு நூல் எழுதுகிறார். எல்லாரையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவரும் கொள்கை பல பிள்ளைகளுக்குக் கேடாக முடிந்துவிட்டது, ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பெரிய பள்ளிகளில் கேலிக்கும் தனிமைக்கும் ஆளாகிறார்கள், சிறிய சிறப்புப் பள்ளிகள் வேண்டும் என்று வாதிடுகிறார். ஒரே கட்டடத்தில் இருப்பதை உள்ளடக்கம் என்று அவர் ஏற்கவில்லை. கற்றல் என்ற பொதுவான காரியத்தில் பிள்ளைக்குப் பங்கு இருக்கிறதா என்பதே அவர் அளவுகோல்.

இதில் கடைசி வரி எனக்கு முழுச் சம்மதம். ஆனால் ஒரு விசயம் இடிக்குது. இதைச் சொல்ல 2005 வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. 1978 அறிக்கையே ஒருங்கிணைப்பை மூன்றாகப் பிரித்திருந்தது: ஒரே வளாகத்தில் இருப்பது, சாப்பாட்டிலும் விளையாட்டிலும் கலந்திருப்பது, வகுப்பில் சேர்ந்து படிப்பது. முதல் இரண்டும் மூன்றாவதும் ஒன்றல்ல என்று அன்றைக்கே தெரியும். அப்படியென்றால் மூன்றாவது வகை எத்தனை பள்ளிகளில், எவ்வளவு ஆசிரியர்களோடு, எவ்வளவு பணத்தோடு முயற்சி செய்யப்பட்டது என்பதைத்தானே அவர் முதலில் கேட்டிருக்க வேண்டும்? அவர் காட்டும் துன்பங்கள் உண்மையானவை. ஆனால் அவை முதல் வகையோடு நின்றுபோன பள்ளிகளின் துன்பங்கள். அவற்றை வைத்து மூன்றாவது வகைக்குத் தீர்ப்பு எழுதுவது நியாயமாகப் படவில்லை.

ஒப்பிட இத்தாலி இருக்கிறது. அங்கே 1977ஆம் ஆண்டின் 517ஆம் எண் சட்டம் கட்டாயக் கல்வியில் தனி வகுப்புகளை ஒழித்தது. கூடவே பொது வகுப்புக்குள் துணை ஆசிரியரைக் கொண்டுவந்தது, மாற்றுத்திறன் பிள்ளை உள்ள வகுப்பில் மொத்தம் 20 பேருக்கு மேல் கூடாது என்றது. கதவை மூடிய கையே நாற்காலியையும் எடுத்துப் போட்டது. அதனால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. துணை ஆசிரியரே பிள்ளையை வெளியே கூட்டிப்போய்த் தனியே உட்கார வைத்துவிடுகிறார் என்ற விமர்சனம் அங்கேயே உண்டு. ஆனால் வாங்குவது வாதம் இல்லை, ஆசிரியர் என்பதாவது அந்தச் சட்டத்துக்குத் தெரிந்திருந்தது.

இதுவரை எழுதிவிட்டு, 'ஆகவே பொது வகுப்பே சரி' என்று முடித்துவிடத்தான் நினைத்தேன். என் கையில் ஒரு நல்ல வாதமும் இருந்தது. தனி அறையில் நடக்கும் தவறு யார் கண்ணிலும் படாது. பொது வகுப்பில் நடக்கும் தவறு நாலு பேர் கண்ணில் படும், அதனால் திருத்தலாம். அந்த வாதத்தைத்தான் பெரியம்மா மகன் உடைத்துவிட்டான்.

அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தான். படித்தான் என்றா சொல்வது? கடைசி பெஞ்சில் இருந்தான். கரும்பலகையில் இருப்பதை அச்சுப் பிசகாமல் எழுதுவான், எழுதியதில் ஒரு சொல்லுக்கும் அவனுக்கு அர்த்தம் தெரியாது. நோட்டு அழகாக இருக்கும், டீச்சர் 'குட்' போடுவார். வருடா வருடம் பாஸ். நாற்பது பிள்ளைகள், அஞ்சாறு ஆசிரியர்கள், வீட்டில் நாங்கள், எல்லார் கண் முன்னாலும்தான் அது நடந்தது. யார் கண்ணிலும் படவில்லை.

பிறகு வெளியூரில் காது கேளாதோர் பள்ளி விடுதியில் சேர்த்தார்கள். முதல் லீவுக்கு வந்தபோது கை ஓயாமல் பேசினான். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பதினாலு வருசமா இவ்வளவு பேச்ச உள்ளேயே வச்சிருந்திருக்கான்டா" என்றார்.

பிரிக்கக் கூடாது என்ற என் கொள்கை அவனைப் பொறுத்தவரை என்ன அர்த்தம் தருகிறது? 1994 சலமங்கா பிரகடனத்தோடு வந்த செயல்திட்டமே, பொதுப் பள்ளியை அவ்வளவு வலியுறுத்திவிட்டு, காது கேளாத பிள்ளைகளுக்கு அவர்களுடைய பேச்சுத் தேவை காரணமாகச் சிறப்புப் பள்ளியோ தனி வகுப்போ பொருத்தமாக இருக்கலாம் என்று இடம் விட்டிருக்கிறது. சைகை மொழியைப் பேச ஆள் வேண்டும். ஊர்ப் பள்ளியில் அவன் ஒருவன்தான்.

அப்போ வார்னாக் சரி, டன் தப்பா? அப்படியும் இல்லை. இருவரும் ஒரே நோயை இரண்டு அறைகளில் பார்த்திருக்கிறார்கள். பிள்ளையை ஓர் இடத்தில் வைத்ததுமே கற்பித்தாகிவிட்டது என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்வதுதான் அந்த நோய். டன் அதைத் தனி அறையில் பார்த்தார், வார்னாக் பொது அறையில். எனக்கு வார்னாக்கிடம் உள்ள குறை, அறையை மாற்றினால் தீரும் என்று அவர் நம்பியது. டன் குறைந்தபட்சம் யாரை அனுப்புகிறார்கள் என்று கேட்டார். அந்தக் கேள்வியை இரண்டு அறையின் வாசலிலும் கேட்கணும்.

நம் நாட்டுச் சட்டம் தாளில் மோசமில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள 6 முதல் 18 வயதுப் பிள்ளைக்கு அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, விருப்பப்பட்ட இடத்தில், இலவசக் கல்வி தருகிறது. சிறப்புத் தேவைப் பிள்ளைகளுக்குச் சிறப்பாசிரியர் விகிதத்தை வரையறுக்க வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் 'விருப்பம்' என்றால் இரண்டு நல்ல இடங்கள் இருக்கணும். பெரியம்மாவுக்கு இருந்தது கடைசி பெஞ்சும் வெளியூர் விடுதியும். மகனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதா, அவனுக்குப் பேச்சு கிடைப்பதா என்பதில் ஒன்றைத்தான் அவர் எடுக்க முடிந்தது. இதைத் தேர்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் தொடக்கத்தில் அக்காவிடம் போய், "நான் சொன்னத அப்படியே எடுத்துக்காதீங்க" என்றேன். இருவரும் பக்கத்துப் பள்ளிக்கே போய்க் கேட்டோம். சிறப்பாசிரியர் வாரத்துக்கு ஒரு நாள் வருவார் என்றார் தலைமையாசிரியர். மற்ற நாலு நாள் இவளுக்கு என்ன பாடம், யார் சொல்லித் தருவார் என்று அக்கா கேட்டார். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லம்மா" என்றார். மழுப்பாமல் சொன்னதாலோ என்னவோ, அக்கா அங்கேயே சேர்த்துவிட்டார். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் இருவரும் மறுபடி போவதாக இருக்கிறோம். இந்த முறை நோட்டை மட்டும் பார்க்கப் போவதில்லை. எழுதியதைப் பிள்ளையையே வாசித்துக் காட்டச் சொல்லப் போகிறோம்.