பாடல்களின் தரவரிசையும் திறனாய்வு நோக்கும்

கலைப்படைப்புகளை ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிட்டு நிரற்படுத்தல் திறனாய்வின் பாற்படுமா என்னும் வினா, மேனாட்டு றொக், பொப் இசைத்துறையில் மிகக் கூர்மையாக எழுந்துள்ளது. சஞ்சிகைகளும் வானொலி நிலையங்களும் இரசிகரும் தத்தம் விருப்பப் பாடல்களைக் காலந்தோறும் வரிசைப்படுத்தி வந்துள்ளனர். அவற்றை வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. எப்பாடல் அடுத்த தலைமுறையின் செவிக்கு எட்டும், எது மறக்கப்படும் என்பதைத் தீர்மானிப்பதில் அவற்றுக்கும் பங்குண்டு.

1967 இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கப்பெற்ற ‘றோலிங் ஸ்ரோன்’ சஞ்சிகை, தலைசிறந்த 500 பாடல்களின் பட்டியலொன்றை 2004 இல் வெளியிட்டது. கலைஞரும் விமர்சகருமாகிய 172 பேரின் வாக்குகள் அதற்கு ஆதாரமாயின. பொப் டிலன் 1965 இல் வெளியிட்ட ‘லைக் எ றோலிங் ஸ்ரோன்’ முதலிடத்தையும், ‘றோலிங் ஸ்ரோன்ஸ்’ குழுவினரின் ‘சற்றிஸ்பக்சன்’ இரண்டாமிடத்தையும் பெற்றன. சஞ்சிகையின் பெயரோடு ஒட்டிய பாடலும் குழுவும் முன்னிற்பது தற்செயலாகலாம். ஆயினும், அச்சஞ்சிகையைத் தோற்றுவித்த தலைமுறையின் சுவையே அளவுகோலாயிற்று என்பதற்கு அது தக்க குறியீடாகும்.

2021 இல் 250 பேருக்கு மேற்பட்டோரிடம் புதிதாக வாக்குப் பெறப்பட்டது. டிலனின் பாடல் நான்காமிடத்துக்கு இறங்க, முன்னர் ஐந்தாவதாயிருந்த அறீதா பிராங்ளினின் ‘றெஸ்பெக்ற்’ முதலாவதாயிற்று. ‘பப்ளிக் எனெமி’ குழுவினரின் ‘பைற் த பவர்’, சாம் குக்கின் ‘எ சேன்ஜ் இஸ் கொன்னா கம்’ ஆகியன அதனை அடுத்து வந்தன. முதல் மூன்றும் கறுப்பின அமெரிக்கக் கலைஞரின் குரல்கள். 254 பாடல்கள் முந்திய பட்டியலில் இடம்பெறாதவை. அத்தனை பழைய பாடல்கள் வெளியேறின என்பதே இதன் மறுபக்கம். இடைப்பட்ட பதினேழாண்டுகளில் இசைத்தட்டுகளில் ஒரு சுரமேனும் மாறவில்லை. மாறியோர் வாக்களித்தோர், மாறியது காலம். 2020 இல் அமெரிக்காவில் எழுந்த இனவெறி எதிர்ப்புக் கிளர்ச்சியை மறந்து இம்மாற்றத்தை விளங்கிக்கொள்ளல் அரிது.

அவ்வாறாயின் தரம் என ஒன்று இல்லையா? உண்டு என்பதற்கு ‘றெஸ்பெக்ற்’ பாடலே சான்று. அதனை இயற்றி 1965 இல் பாடியவர் ஓட்டிஸ் றெடிங். உழைத்து வீடு திரும்பும் ஆடவன் மனைவியிடம் மதிப்பை வேண்டும் பாடல் அது. 1967 இல் அறீதா அதைப் பாடியபோது வேண்டுபவள் பெண்ணாகினாள். வேண்டுகோள் உரிமைக் குரலாயிற்று. தலைப்புச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டி உரைக்கும் பகுதியும், சகோதரியரின் பின்பாட்டும் அக்குரலைக் கூட்டுக் குரலாக்கின. குடியுரிமைப் போராட்டமும் பெண்விடுதலை இயக்கமும் அதைத் தமதாக்கிக்கொண்டதன் காரணம் இதுவே. இச்சிறப்பு 2004 இலும் அப்பாடலில் இருந்தது. ஐந்து என்ற எண்ணோ ஒன்று என்ற எண்ணோ அதனை விளக்கவில்லை. தீர்ப்பை அறிவித்து நியாயத்தை மறைப்பதே தரவரிசையின் அடிப்படைக் குறைபாடாகும்.

பிபிசி வானொலியில் 1967 முதல் 2004 இல் இறக்கும்வரை பணியாற்றிய ஜோன் பீலின் அனுபவம் இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது. 1976 இல் அவர் நேயர்களிடம் வாக்குக் கோரியபோது ‘லெட் செப்பலின்’ குழுவினரின் ‘ஸ்ரெயர்வே ரு ஹெவன்’ முதலிடம் பெற்றது. பங்க் இசையின் எழுச்சிக்குப் பின், 1978 இல், ‘செக்ஸ் பிஸ்ரல்ஸ்’ குழுவினரின் ‘அனார்க்கி இன் த யூகே’ அவ்விடத்தைக் கைப்பற்றிற்று. ஆனால், மரபை உடைக்க வந்த பாடல்களே பின்னர் ஆண்டுதோறும் மீண்டு வந்து புதிய மரபாக இறுகின. 1982 முதல் அவ்வாண்டுப் பாடல்களுக்கே வாக்கு என விதி மாற்றப்பட்டது.

பீலின் சொந்தத் தெரிவோ வேறு. டெறி நகர இளைஞரான ‘அண்டர்ரோன்ஸ்’ குழுவினர் 1978 இல் வெளியிட்ட ‘ரீனேஜ் கிக்ஸ்’ அவருக்கு யாவற்றிலும் சிறந்தது. அரசியல் வன்முறை சூழ்ந்த நகரிலிருந்து எழுந்த எளிய விடலைக் காதற்பாட்டு அது. அதனை அவர் வானொலியில் அடுத்தடுத்து இருமுறை ஒலிக்கச் செய்தார்; அதன் சொற்கள் அவரது கல்லறையிலும் பொறிக்கப்பட்டுள்ளன. இத்தெரிவை எவரும் மறுக்கலாம். ஏனெனில் அதற்குப் பொறுப்பேற்கும் ஒருவர் உளர். கூட்டு வாக்கோ தன் சார்பை எண்ணிக்கையின் பின்னே மறைத்துக்கொள்கிறது. எனினும், தனிமனித விருப்பமும் காரணம் காட்டப்படும்போதே திறனாய்வாக உயர்கிறது என்பதை மறத்தலாகாது.

புகழேந்தி, கம்பர், செயங்கொண்டார் முதலியோரை அவரவருக்குக் கைவந்த பாவும் பிரபந்தமும் கொண்டு போற்றிய தனிப்பாடல் மரபு நம்மிடம் உண்டு. அது புலவரை ஒரே ஏணியில் நிறுத்தவில்லை. எவர் எதில் வல்லவர் என்றே வினவிற்று. ஆறு நிமிடங்களுக்கு மேல் நீளும் டிலனின் பாடலையும், இரண்டரை நிமிடமளவில் முடியும் அறீதாவின் பாடலையும் அணுகுதற்கு அவ்வினாவே ஏற்றது. பட்டியல் வாசிப்போரைப் பாடலிடம் அனுப்புமாயின் பயனுடையது. பாடலைக் கேளாமலே தீர்ப்புக் கூற இடமளிக்குமாயின் அது திறனாய்வுக்குப் பகையாகும்.