ரொட்டிக்கு ஏற்ற ஊர் காஜாங்

ரொட்டி சுடுவதற்கென்றே அமைந்த ஊர் காஜாங்! சொன்னால் சிரிக்கிறார்கள். நூறு வருஷமாகச் சாத்தே வாட்டும் ஊரில் ரொட்டிக்கு என்ன வேலை என்கிறார்கள். சிரிக்கட்டும். குளிர்நாடுகளில் பிசைந்த மாவுக்குக் கதகதப்பான மூலை தேடி அலைகிறார்கள். நமக்கு அந்தக் கவலையே இல்லை. பகலில் 32, 33 டிகிரி, காற்றில் ஈரம் வேறு. ஈரத்துணி போட்டு மூடிவைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் மாவு இரண்டு பங்காக எழும்பி நிற்கும். ஒன்றே ஒன்று: வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றச் சொல்லும் சமையல் குறிப்பை நம்பாதீர்கள். இங்கே ஐஸ்பெட்டித் தண்ணீர்தான். இல்லையென்றால் மாவு அவசரப்பட்டுப் பொங்கிப் புளித்துவிடும்.

நான் போடும் கணக்கு எளிது. 500 கிராம் ரொட்டி மாவு. கேக் சாமான் கடையில் 'ஹை புரோட்டின்' என்று கேட்டு வாங்க வேண்டும், சாதா கோதுமை மாவில் இழுவை வராது. ஈஸ்ட் ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு, சீனி, 50 கிராம் வெண்ணெய். தண்ணீரில் பாதிக்குத் தேங்காய்ப்பால். அந்தத் தேங்காய்ப்பால் செய்யும் மாயம் இருக்கிறதே!

பிசைவதுதான் எனக்கு உயிர். மெஷினிடம் கொடுக்க மனசு வராது. முதலில் கையெல்லாம் அப்பும், வெண்ணெய் சேர்த்ததும் வழுக்கிக்கொண்டு ஓடும். பொறுமையாக இழுத்து மடித்துக்கொண்டே இருந்தால், கால் மணி நேரம் தாண்டியதும் சட்டென்று குணம் மாறும். கையை விட்டுவிடும், பளபளக்கும். ஒரு துண்டைக் கிள்ளி இரண்டு கை விரல்களால் மெல்ல விரியுங்கள். கிழியாமல் விரிந்து, பின்னால் இருக்கும் விரலின் நிழல் தெரிய வேண்டும். ஈஸ்ட் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று வெளிவிடும் வாயுவைப் பிடித்துவைப்பது இந்தச் சவ்வுதான்.

ஈஸ்ட் என்றதும் வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்துப் பாட்டிமார் ஆப்ப மாவில் கள் விட்டுப் புளிக்கவைத்தார்களே, அதிலும் வேலை பார்த்தது ஈஸ்ட்தான். கோவாவில் போர்த்துக்கீசியர் வழி வந்த ரொட்டியையே கள் விட்டுத்தான் பொங்க வைத்தார்கள்!

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எல்லாரும் மாவில் கைவைத்தார்கள். கடைகளில் ஈஸ்ட் பொட்டலம் கண்ணில் படவில்லை. ஆணை போனது, பலருடைய ஆசையும் கூடவே போனது. பாவம் அவர்கள்.

எழும்பிய மாவு அடுப்பில் 180 டிகிரியில் அரை மணி நேரம் வேக வேண்டும். பாதியிலேயே வாசம் வெளிக்கதவைத் தாண்டிவிடும். பக்கத்து வீட்டு மக்சிக் வேலியோரம் வந்து என்ன சுடுகிறாய் என்று கேட்பார். அவருக்கென்று ஒரு சின்ன ரொட்டி எப்போதும் தனியாக உருட்டிவைப்பேன். நன்றாக ஆறிய பிறகே வெட்ட வேண்டும் என்பது விதி. எங்கள் வீட்டில் அந்த விதி செல்லாது.

என் மாமியாருக்கு ரொட்டி என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு. "இதெல்லாம் பசியாறக் காணுமா?" என்று கேட்டவர், தீபாவளிக்கு வைத்த ஆட்டிறைச்சிக் கறியில் ஒரு துண்டைத் தோய்த்துப் பார்த்தார். அதிலிருந்து, "ஓரத்துண்டை எனக்கு வைம்மா, பிள்ளைகளுக்குக் கொடுத்துடாதே" என்று அடுப்படிக்கே வந்துவிடுகிறார். அவர் சொல்வதும் சரிதான். ஓரத்துண்டின் மொறுமொறுப்பும் உள்பக்கத்தின் பஞ்சும் சேர்ந்து குழம்பை உறிஞ்சும் அழகு கடை ரொட்டியில் ஏது?

ஆட்டுக்கறியையும் மிஞ்சியது ஒன்று உண்டு. சனிக்கிழமை ராத்திரி சாத்தே வாங்கினால் கூடவே கடலைக் குழம்பு தருவார்களே, அதைச் சூடாக்கி, சம்பல் கொஞ்சம் கலந்து, அன்று சுட்ட ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்துப் பாருங்கள். நாங்கள் இப்போது கெத்துப்பாட் வாங்குவதே இல்லை.