பங்குப் பதிவேடும் குடிவழி ஆய்வும்

குடிவழி ஆராய்வார்க்குக் கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நான ஏடுகளும் திருமண ஏடுகளும் அரிய கருவிகளாகும். 1563இல் திரெந்து பொதுச்சங்கம், மணமக்கள் பெயர், சான்றினர் பெயர், மணம் நிகழ்ந்த நாள், இடம் ஆகியவற்றை ஏட்டில் எழுதிக் காக்குமாறு பங்குக் குருக்களைப் பணித்தது. இங்ஙனம் எழுந்த ஏடுகளில் ஒரு பெயரைக் கண்ட அளவிலேயே மூதாதையைக் கண்டுவிட்டதாக மகிழ்வார் சிலர். அம்மகிழ்ச்சி தகுமா என்பதை ஆத்தூர்ப் பகுதியை முன்னிறுத்தி ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண், ஏடு இருக்கும் இடம் அறிதல் வேண்டும். கும்பகோண மறைமாவட்டம் 1899இல் புதுவையினின்று பிரிந்தது. சேலம் மறைமாவட்டம் 1930இல் அமைந்தது. ஆகவே ஆத்தூரில் இன்றுள்ள ஏட்டோடு தேடல் முடியாது. ஊர் முன்னர்ச் சார்ந்திருந்த தாய்ப்பங்கின் ஏட்டையும் நோக்குதல் வேண்டும்.

அடுத்தது பெயர்ச்சிக்கல். குருவானவர் இலத்தீனில் எழுதியவிடத்துப் 'பவுலுஸ்' என்றிருப்பவர் வீட்டில் சின்னப்பன். 'யொவான்னெஸ்' என்றிருப்பவர் அருளப்பன். 'பெத்ருஸ்' என்றிருப்பவர் இராயப்பன். மக்கள் வழக்கில் சூசை எனப்படும் பெயரையே வீரமாமுனிவர் தேம்பாவணியில் வளன் என்றார். ஒருவர்க்கே பல பெயர். ஒரு பெயரே பலர்க்கு. அன்றியும், சின்னப்பன் என்பது கிறித்தவரல்லாதாரும் வழங்கும் பெயர். குடும்பப் பெயர் வழங்காத நாட்டில் பெயரொற்றுமை ஒன்றே கொண்டு குடிவழி நாட்டுதல், ஒரு சுவடியின் பாடத்தை ஏனைய சுவடிகளோடு ஒப்புநோக்காது உண்மைப்பாடமெனக் கொள்வது போலாம்.

பின்னர் உறுதி எங்ஙனம் கிட்டும்? உறவுமுறையால் கிட்டும் என்பதே நம் துணிபு. மாமன் மகளையோ அத்தை மகளையோ மணத்தல் தமிழர்க்கு உரிமை. திருச்சபைச் சட்டத்திற்கோ அது தடை. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் அத்தடையை நான்காம் தலைமுறையளவாக வரையறுத்தது. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு மூன்றாம் தலைமுறையளவாகக் குறைத்தது. தடையுள்ள மணத்திற்கு விலக்கு வேண்டும். அவ்விலக்கு ஏட்டில் குறிக்கப்பட்டிருப்பின், அச்சிறு குறிப்பு பெயரினும் வலிய சான்றாகும்.

'இரண்டாம் தலைமுறை உறவு' என்றிருப்பதாகக் கொள்வோம். பழைய கணக்கின்படி, இருவழித் தலைமுறையும் ஒத்திருப்பின், மணமக்களின் பெற்றோருள் ஒருவர்க்கொருவர் உடன்பிறந்தார் உளர் என்பது அதன் பொருள். சிற்றப்பன் மகளும் அதே தலைமுறையினளே. எனினும் அவள் தமிழ் மரபில் தங்கை. அவ்வழி விலகவே, மாமன் மகள், அத்தை மகள் என்னும் இரண்டே எஞ்சும். இவற்றுள் எது என்பதை மணமக்களுடைய பெற்றோரின் ஞானஸ்நானக் குறிப்புகள் காட்டும். ஏடு உறவின் அளவைச் சொல்கின்றது. அதன் திசையைத் தமிழ் மரபு சொல்கின்றது. இரண்டனுள் ஒன்றை மட்டும் அறிந்தவர் வழி தவறுவர்.

புலவர் வரலாறு எழுதுவார்க்கும் இந்நெறி வேண்டும். பிழையாக இணைத்த ஒரு பெயர், நூலில் ஏறியபின் வழிவழியாக மெய்யென நிலைத்துவிடும். தந்தை, ஊர், ஞானப்பெற்றோர், சான்றினர், உறவுத்தடை ஆகியவை ஒன்றையொன்று தாங்கிய பின்னரே 'இவர் வழியினர் இவர்' எனத் துணிதல் வேண்டும். அவை தாங்காதவிடத்து அவ்விடத்தை வெற்றிடமாகவே விடுதல் ஆய்வாளர் கடனாகும்.