பின்னோக்கி நடக்கும் எருது

எருதை முன்னால் ஓட்டுவது பெரிய வித்தையில்லை. தார்க்குச்சி பிடித்தவன் எவனும் ஓட்டிவிடுவான். வலிக்குப் பயந்த மாடு முன்னால்தான் ஓடும். அதைப் பார்த்து நன்றாகப் பழகிய மாடு என்று மெச்சுகிறவர்களும் உண்டு. பழக்கியவரின் கை எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் மாடு பின்னால் நடப்பதைப் பார்க்க வேண்டும். மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் கொங்குநாட்டுக் கவலையைப் பார்த்தவர்களுக்கு நான் எங்கே வருகிறேன் என்று இந்நேரம் புரிந்திருக்கும்.

கிணற்றுக்குள் தோல் பறி நிறைந்து வடம் விறைத்ததும் சோடி வாரியில், அதாவது கிணற்றுமேட்டிலிருந்து இறங்கும் சரிவுப் பாதையில், இறங்கும். ஓட்டுகிறவர் வடத்தின்மேல் உட்கார்ந்துகொள்வார். மாட்டுக்குக் கூடுதல் சுமை என்று அதைக் குறை சொன்னவர்களைக் கேட்டிருக்கிறேன். வாரியின் சரிவைக் கவனித்தால் போதும், அவர் உடம்புப் பாரமும் மாட்டோடு சேர்ந்தேதான் இழுக்கிறது. பறி மேலே வந்து அதன் தோல் வால் வழியாகத் தண்ணீர் கொட்டி முடியும். இதுவரை எல்லா ஊரிலும் நடப்பதுதான். இதற்குப் பிறகு வரும் அந்த ஏற்றத்துக்காகத்தான் நான் கிணற்றுமேட்டில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறேன்.

சோடி திரும்பாது. முகம் பள்ளத்தைப் பார்த்தபடியே மேட்டில் பின்னோக்கி ஏறும். மாட்டின் கண் பக்கவாட்டில் வெகுதூரம் வளைத்துப் பார்க்கும். தன் முதுகுக்கு நேர் பின்னால் இருப்பது மட்டும் அதற்குத் தெரியாது. அந்தத் தெரியாத பக்கத்தில்தான் கிணறு இருக்கிறது. பின்னங்காலை எடுத்து, குளம்பால் மண்ணைத் தொட்டுப் பார்த்து, ஊன்றி, அதன் பிறகே முன்னங்காலை எடுக்கும். ஒரே நுகத்தடியில் இரண்டு மாடும் இதை ஒரே தாளத்தில் செய்ய வேண்டும். ஒன்று அரையடி பிந்தினாலும் நுகத்தடி கோணும்; கோணினால் பாரம் ஒரு கழுத்தில் விழும். நல்ல சோடி கோணவே கோணாது.

அப்போது நான் பார்ப்பது மாட்டைக்கூட இல்லை, கயிற்றை. மூக்கணாங்கயிற்றைச் சுண்டிச் சுண்டி இழுத்தும் மாட்டைப் பின்னுக்குக் கொண்டுவரலாம். அப்படி ஓட்டியவர்கள்தான் அதிகம். அந்த மாடு தலையை அண்ணாந்து, கண் வெளுத்து, நாக்கு நுனி தெரிய வரும். கைதேர்ந்தவரின் கயிறு ஏற்றம் முழுவதும் தொய்ந்தே கிடக்கும். கயிறு அவர் கையில் இருக்கிறது, ஆனால் வேலை செய்வது குரல். அந்தத் தொய்வைக் காட்டிலும் அழகான ஒன்றை மாடு ஓட்டும் தொழிலில் நான் கண்டதில்லை.

என் தாய்மாமன் தோட்டத்தில் கவலை ஓட்டிய பெரியவர் ஒருவர் புது மாடு பழக்கும் விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு பல் போட்ட மாட்டை வாங்கி வந்தால் முதலில் நுகத்தடி கிடையாது. கட்டுத்தறியில் அலைதாடியைச் சொறிந்துவிடுவார், கொம்படியைத் தேய்ப்பார், கால்களை ஒவ்வொன்றாகத் தடவிக் கீழே போவார். தொட்டால் விதிர்க்கிற இடம் எது என்று அவருக்குத் தெரியவேண்டும். பிறகு சமதரையில் நிறுத்தி, உள்ளங்கையை நெஞ்சில் வைத்து மெல்ல அழுத்தி, அடித்தொண்டையில் நீளமாக ஒரு 'ஓஓ' கொடுப்பார். மாடு ஓரடி பின்வாங்கினால் போதும், கை எடுபட்டுவிடும். ஒரு பிடி பருத்திக்கொட்டை கிடைக்கும். அன்றைக்கு அவ்வளவுதான். கை எடுபடுவதுதான் மாட்டுக்குப் பெரிய கூலி என்பார் அவர், பருத்திக்கொட்டை இரண்டாம் பட்சம். சில நாளில் நெஞ்சில் கை வைக்க வேண்டியிருக்காது, குரலே நகர்த்தும். அதன் பிறகு கடைசேர்ந்த கிழ எருது ஒன்றோடு சோடி போட்டு, பறியில் தண்ணீர் மொள்ளாமல் வாரியில் விடுவார். புது மாடு பாதியில் தயங்கினால் அவரும் நிற்பார். அதட்டமாட்டார். கிழ எருது நிதானமாகப் பின்னடி வைக்கும், நுகத்தடி அசைவே இளையதுக்குச் செய்தி சொல்லும். மாடு அலுப்பதற்கு முன்னால் அவிழ்த்துவிட வேண்டும் என்பதில் மட்டும் அவர் பிடிவாதக்காரர். அலுத்த பிறகு கற்றது எதுவும் மாட்டுக்குள் தங்காது என்பார். சண்டி மாடு பிறப்பதில்லை, அதை ஆள்தான் உண்டாக்குகிறான் என்று நான் இன்றும் வாதாடுவது அவர் கையைப் பார்த்த தைரியத்தில்தான்.

அவர் தோல் பறி தைக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். தைத்ததும் அவர்கள், ஓட்டியதும் அவர்கள். சந்தையில் 'இன்ன தோட்டத்து மாடு' என்று பெயர் வாங்கியது நிலக்காரர்கள். கொங்குநாட்டின் காங்கேயம் மாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பழையகோட்டைப் பட்டக்காரரின் மந்தையைச் சொல்வார்கள், கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தையும் கொழுக்கட்டைப் புல்லையும் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். பழக்கிய கைகளைப் பற்றி ஒரு வரி எழுதியவர்கள் அபூர்வம்.

பின்னோக்கி ஏற்றுவது மாட்டைப் படுத்தும் வேலை, அவிழ்த்துத் திருப்பிக் கொண்டுவந்து மறுபடி பூட்டுவதே நல்லது என்று வாதிக்கிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. செங்குத்தாக வாரி வெட்டிய கிணறுகளில் அவர்கள் சொல்வது சரி. சரிவு இதமாக இருந்து, ஓட்டுகிறவர் நிதானமாகவும் இருந்தால், இறங்கும்போது இழுத்த மாடு ஏறும்போது மூச்சு வாங்கிக்கொள்ளும். மூக்குக் குத்துவதே கூடாது என்கிறவர்களுக்கும் காது கொடுக்கிறேன். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் கன்றுப் பருவத்திலேயே சின்ன நுகத்தடி போட்டு, மூக்குக்கயிறே இல்லாமல், குரலாலும் ஒரு கோலாலும் எருதுகளை நடத்துகிறார்கள். பின்னால் நடப்பது அங்கே அடிப்படைப் பாடங்களில் ஒன்று. நம் பெரியவரின் தொய்ந்த கயிற்றிலிருந்து அது ஒரு எட்டுத் தூரம்தான்.

தஞ்சைப் பக்கத்து நண்பர்கள் உம்பளாச்சேரி மாட்டின் சேற்றுழவுக்கு ஈடு கிடையாது என்பார்கள். சேற்றில் அதன் காலெடுப்பு அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கொம்பைத் தீய்ப்பதும் உடம்பில் சூட்டுக்கோல் இழுப்பதும் அந்த அழகோடு எனக்கு ஒட்டவில்லை. ரேக்ளா பந்தய ரசிகர்களோடு பேச எனக்குப் பொறுமை இன்னும் குறைவு. வேகம் பார்க்க வேண்டுமானால் எத்தனையோ இருக்கின்றன. மாட்டிடம் பார்க்க வேண்டியது நிதானம்.

அந்தியூரிலும் கண்ணபுரத்திலும் திருவிழாச் சந்தைகளில் திமில், கொம்பு, சுழி, பல் என்று பார்த்துப் பார்த்து விலை பேசுகிறார்கள். நான் முதலில் வாலைப் பார்ப்பேன். முறுக்கி முறுக்கி எலும்பு நெளிந்த வால், ஓட்டியவன் யார் என்று சொல்லிவிடும். அடுத்தது மூக்குத் துளை, வட்டமாக இருக்கிறதா, கீழே கிழிந்து இறங்கியிருக்கிறதா. அப்புறம் கழுத்துக் காய்ப்பு இரண்டு பக்கமும் சமமா என்பது. கடைசியாக, முகத்துக்குப் பக்கத்தில் சட்டென்று கையைத் தூக்குவேன். கண்ணை மூடித் தலையை இழுத்துக்கொள்ளும் மாட்டை எந்தச் சுழியும் காப்பாற்றாது.

சட்டம் ஒன்று இருக்கிறது. 1965-ஆம் ஆண்டின் பாரம் இழுக்கும் விலங்குகளுக்கான விதிகள் ஆணி வைத்த கோலைத் தடுக்கின்றன. நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல், இடைவிடாமல் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. விடிவதற்கு முன்னால் பூட்டி வெயில் ஏறும் முன் அவிழ்த்த கவலைக்காரருக்கு இது புதிதாக இருந்திருக்காது. பெங்களூர் ஐ.ஐ.எம்.மின் முதல் இயக்குநராக இருந்த என்.எஸ். ராமஸ்வாமி மாட்டுவண்டியையும் நுகத்தடியையும் திருத்தவேண்டும் என்று ஆண்டுக்கணக்காக வற்புறுத்தினார். கழுத்துப் புண்ணைத் தேசியப் பிரச்சினையாகப் பார்த்த பெரிய மனிதர்கள் அவரைப் போல் வெகு சிலரே. ஜல்லிக்கட்டுக்கு 2014-இல் உச்ச நீதிமன்றத் தடை, 2017-இல் மெரினா போராட்டம், 2023-இல் மறுபடி தீர்ப்பு என்று நாடே மாட்டைப் பற்றிப் பேசியபோது, பேச்செல்லாம் ஓடுகிற காளையைப் பற்றித்தான். உழைக்கிற எருதை எப்படித் தொடவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

1932-இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபோதே கவலையின் முடிவு தொடங்கிவிட்டது. கவலையின் இடத்துக்கு வந்த மோட்டாரை நான் குறை சொல்லமாட்டேன். மாட்டுக்கும் ஆளுக்கும் அது விடுதலை. என் மனத்தாங்கல் வேறு. பர்கூர் மாட்டினத்துக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, உம்பளாச்சேரிக்குக் கொருக்கையில் பண்ணை இருக்கிறது, காங்கேயத்துக்கும் ஆள் இருக்கிறார்கள். உறைவிந்து பத்திரமாக இருக்கிறது. பழக்கத் தெரிந்த கைக்கு மட்டும் இடமில்லை. கவலை ஓட்டியவர்களில் இன்னும் சிலர் திருப்பூர், ஈரோட்டுக் கிராமங்களில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏதாவது ஒரு நிலையம் ஒரு பழைய கிணற்றைத் தூர்வாரி, இதமான சரிவில் வாரி போட்டு, அவர்களில் ஒருவரை ஆசிரியர் சம்பளத்தில் அமர்த்தி, அவரிடம் இரண்டு பல் மாட்டையும் நாலு இளைஞர்களையும் ஒப்படைக்கலாம். இன்னும் பத்து வருடம் கழித்து இந்த யோசனைக்கு ஆள் கிடைக்காது.