கத்திரி வெயிலில் பச்சைக் கம்பளம்

ஏப்ரல் பிறந்துவிட்டால் பத்திரிகைகளில் மூன்று சமாசாரங்கள் தவறாமல் வரும். வெள்ளரிக்காயின் மகத்துவம், கொடைக்கானலில் எங்கே தங்கலாம், 'கோடையில் உங்கள் தோட்டத்தைக் காப்பாற்றப் பத்து வழிகள்'. முதல் இரண்டின் மேல் எனக்குப் புகார் எதுவும் இல்லை. மூன்றாவதைப் பற்றித்தான் இந்த வாரம்.

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். நாவலுக்கு எழுதுகிறோம். ஓட்டல் சாம்பாருக்குக்கூட ஸ்டார் போடுகிறோம். ஆனால் வாசகர்கள் கத்தரித்து ஃப்ரிஜ் கதவில் ஒட்டிவைத்து, வரி தவறாமல் நடைமுறைப்படுத்துகிற 'டிப்ஸ்' இலக்கியத்தை யாரும் சீண்டுவதில்லை. நாவலை நம்பி யாரும் மோட்டார் போடுவதில்லை. டிப்ஸை நம்பிப் போடுகிறார்கள்.

கையில் கிடைக்கிற எந்தக் கோடைக் குறிப்பையாவது எடுத்துப் படியுங்கள். 'அதிகாலையில் தண்ணீர் விட வேண்டும்.' சரி. 'புல்லை மூன்று அங்குல உயரத்துக்குக் குறையாமல் வெட்ட வேண்டும்.' இங்கேதான் எனக்கு உதைக்கிறது. எந்தப் புல்லை? மூன்று அங்குலம் என்பது குளிர் தேசத்துப் புல்லுக்குச் சொன்னது. கென்டக்கி புளூகிராஸ், ஃபெஸ்க்யூ என்று அங்கே வளர்க்கிற ஜாதிகளுக்கு 30 டிகிரியைத் தாண்டினாலே மூச்சு வாங்கும். அதனால் கொஞ்சம் உயரமாக விட்டால், புல்லே தன் வேருக்குக் குடை பிடிக்கும். நம்மூர் நர்சரியில் சதுர அடிக்கு இவ்வளவு என்று விற்பது பெரும்பாலும் கொரியன் புல், இல்லாவிட்டால் பெர்முடா. இரண்டும் வெயில் ஜாதி. ஒன்று, ஒன்றரை அங்குலத்தில் சௌக்கியமாக இருப்பவை. கோடையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரமாக விடலாம், ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது, அவ்வளவுதான். எங்கேயோ, யாருடைய புல்லுக்கோ எழுதிய மருந்துச் சீட்டை நாம் இங்கே வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறோம்.

பெர்முடா என்றதும் ஏதோ அட்லாண்டிக் சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். அருகம்புல்தான் அது. அதன் கலப்பு ரகங்களும் அருகம்புல்லின் ஒன்றுவிட்ட தம்பிகள்தான். பிள்ளையாருக்குச் சாத்துவது, ஜூஸ் போட்டுக் குடிப்பது, வயலில் முளைத்தால் களை என்று பிடுங்குவது, அதே புல் பெயர் மாற்றிக்கொண்டு ரோல் ரோலாக வந்தால் பணம் கொடுத்து விரிப்பது, எல்லாம் நாமே. இதில் உச்சகட்டம் ஒன்று உண்டு. கொரியன் புல்வெளியில் தானாக முளைத்த அருகம்புல்லை உட்கார்ந்து பிடுங்குவதற்கு அபார்ட்மென்ட்டுகளில் தினக்கூலிக்குப் பெண்களை வைக்கிறார்கள்.

அருகம்புல்லின் குணத்தை நம் குறிப்பெழுத்தாளர்கள் மறைக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்குத் தெரிவதில்லை. தண்ணீர் இல்லையென்றால் அது மேலே காய்ந்து பழுப்பாகும். செத்துப் போகாது. மண்ணுக்குள் இருக்கும் தண்டில் உயிரைப் பிடித்து வைத்துக்கொண்டு தூங்கும். ஒரு நல்ல மழை பெய்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பச்சை திரும்பிவிடும். கொரியன் புல் சோம்பேறி, திரும்பிவர நாளாகும். 'மே மாதத்தில் உங்கள் புல் பழுப்பானால் பயப்படாதீர்கள், சும்மா இருங்கள்' என்று ஒரே ஒரு வரியைத் தமிழில் அச்சில் பார்க்க எனக்கு ஆசை. வராது. சும்மா இருங்கள் என்று சொன்னால் பத்து வழி எப்படித் தேறும்?

நான் பி.காம். கணக்கு இல்லாமல் எனக்கு விமர்சனம் வராது. போடுவோம்.

ஆயிரம் சதுர அடிப் புல்வெளி. ஏறக்குறைய 93 சதுர மீட்டர். சென்னையின் கோடை வெயிலில் அது ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் தண்ணீரை ஆவியாக்கிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு லிட்டர். ஆக, தினமும் 465 லிட்டர். நகரத்தில் ஒரு மனிதருக்கு நாளைக்கு 135 லிட்டர் கொடுக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் அளவுகோல். அதாவது இந்தப் புல்வெளி உங்கள் ரேஷன் கார்டில் பேர் இல்லாத மூன்றரை ஆள். 12,000 லிட்டர் லாரி ஒன்று வாங்கினால் இந்த மூன்றரைப் பேருக்கு ஒரு மாதம் வராது. 2019-ல் செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? வாழைத்தோரணம் கட்டி வரவேற்றோம். ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்த முழு ரயிலும் இந்த சைஸ் புல்வெளிகள் சுமார் 5,400-க்கு ஒரே ஒரு நாள் காணும்.

நெல்லுக்குப் பாய்ச்சினால் புல்லுக்கும் கொஞ்சம் போய்ச் சேரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இப்போது புல்லுக்கே நேரடி கனெக்‌ஷன்.

2016 ஏப்ரலில் புல் கோர்ட்டுக்கே போனது. மகாராஷ்டிரத்தில் கடும் வறட்சி. ஐ.பி.எல். மைதானங்களுக்குத் தண்ணீர் தெளிப்பதை எதிர்த்துப் பொதுநல வழக்கு. ஏப்ரல் 30-க்குப் பிறகு வரும் ஆட்டங்களை மாநிலத்துக்கு வெளியே மாற்றுங்கள் என்று மும்பை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. கிரிக்கெட் புல்லையே இந்த நாட்டில் ஒரு கோர்ட் கேள்வி கேட்டிருக்கிறது. 'பத்து வழிகள்' எழுதுகிற நண்பர்கள் இன்னும் கேட்கவில்லை.

புல்வெளி என்பதே மழை மாசாமாசம் தவணை முறையில் பெய்கிற ஊரின் கண்டுபிடிப்பு. 1830-ல் எட்வின் பட்டிங் என்ற இங்கிலாந்துக்காரர் புல்வெட்டும் மெஷினைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு சாதாரண குடும்பஸ்தனும் பிரபு வீட்டுப் புல்வெளிக்கு ஆசைப்படலாம் என்றாயிற்று. அந்த ரசனை கப்பலேறி இங்கே வந்தது. தாஜ்மகாலுக்கு முன்னால் நீங்கள் போட்டோ எடுத்துக்கொண்ட புல்வெளிகூட மொகலாயர் விட்டுப்போன தோட்டம் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்சன் பிரபு தன் ரசனைக்கு மாற்றியமைத்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், லண்டனில் வருஷத்துக்குப் பெய்கிற மழை சுமார் 600 மில்லிமீட்டர். சென்னையில் சுமார் 1,400. மழையில் நாம்தான் பணக்காரர்கள். ஆனால் நம்முடையது தீபாவளி போனஸ் மாதிரி. பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் மொத்தமாக வந்து தெருவில் ஓடிவிடும். அவர்களுடையது மாதச் சம்பளம். மாதச் சம்பளக்காரன் வீட்டு பட்ஜெட்டை வைத்துக்கொண்டு போனஸ்காரன் எப்படிக் குடும்பம் நடத்துவது?

குறிப்புகளில் உள்ள நல்லதையும் சொல்லிவிடுகிறேன். வெயில் காலத்தில் யூரியா தூவாதே, தொட்டி மாற்றாதே, ஆழமாகக் கவாத்து செய்யாதே. எல்லாம் சரி. தினமும் மேலாகத் தெளிக்காமல் மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஆழமாகப் பாய்ச்சினால் வேர் தண்ணீரைத் தேடிக் கீழே போகும் என்பதும் சரி. ஆனால் அதிலும் 'எந்த மண்' என்று கேட்க மாட்டார்கள். திருவான்மியூர் மணலில் ஊற்றியது நிற்காமல் இறங்கிவிடும். களிமண்ணில் அதே தண்ணீர் ஒரு வாரம் தாங்கும்.

உச்சி வெயிலில் தண்ணீர் விட்டால் இலைமேல் நிற்கும் துளி பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்து இலையைப் பொசுக்கிவிடும் என்று ஒரு குறிப்பு தலைமுறை தலைமுறையாக வருகிறது. 2010-ல் ஹங்கேரியில் சில இயற்பியல்காரர்கள் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். வழவழப்பான இலையில் துளி சுடுவதில்லை. ரோமம் உள்ள சில இலைகளில் மட்டும், துளி ரோமத்தின் மேல் தூக்கி நின்றால், சுடலாம். மதியம் தண்ணீர் விடக்கூடாது என்பதற்குக் காரணம் சாதாரணமானது. பாதி ஆவியாகிப் போய்விடும். சாதாரணக் காரணத்தை எழுதினால் சுவாரஸ்யம் இல்லையே.

அடுத்தது, பகல் ஒரு மணிக்குச் செம்பருத்தி இலை தொங்கினால் 'தாகம்' என்று எழுதுகிறார்கள். வேர் அனுப்புவதைவிட இலை வேகமாக இழக்கிறது, அவ்வளவுதான். சாயங்காலம் நிமிர்ந்துவிடும். காலையிலும் தொங்கினால்தான் தாகம். மண்ணில் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் பக்கெட்டைக் கீழே வையுங்கள். மாடித் தொட்டிச் செடிகளில் கணிசமானவை வெயிலில் சாவதில்லை, இந்த அவசர உபகாரத்தில் வேர் அழுகித்தான் சாகின்றன.

எனக்கு நிஜமாகவே கோபம் வரும் குறிப்பு ஒன்று இருக்கிறது. 'ஆர்.ஓ. மெஷினின் கழிவுநீரைச் செடிகளுக்கு ஊற்றுங்கள்.' நாலு லிட்டர் உள்ளே போனால் ஒரு லிட்டர் குடிக்கக் கிடைக்கிறது, மூன்று லிட்டர் கழிவு என்று வையுங்கள். உள்ளே போன தண்ணீரில் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்பு என்றால், ஏறக்குறைய அந்த உப்பு முழுவதும் மூன்று லிட்டருக்குள் வந்து சேர்கிறது. லிட்டருக்கு 1,300-க்கு மேல். தரை துடைக்கலாம், டாய்லெட்டில் ஊற்றலாம். தொட்டியில் தினமும் ஊற்றினால் தண்ணீர் ஆவியாகும், உப்பு அங்கேயே உட்கார்ந்திருக்கும். இலையின் நுனி கருகும். நுனி கருகியதும் வீட்டுக்காரர் என்ன செய்வார்? தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவார். கடற்கரையோர போர் தண்ணீருக்கும் இதே கதை. 'தண்ணீர் விடுங்கள்' என்று பத்தில் ஆறு குறிப்பு சொல்கிறது. எந்தத் தண்ணீர் என்று ஒன்றுகூடக் கேட்பதில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். 'தண்ணீர் விட வேண்டும்', 'சருகுகளை அகற்ற வேண்டும்', 'களை எடுக்க வேண்டும்'. எல்லா வாக்கியத்திலும் எழுவாய் காணாமல் போயிருக்கிறது. யார் விட வேண்டும்? படிக்கிறவரா? அதிகாலை ஐந்தரை மணிக்கு ஓஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர், தன் தெருவில் தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும் என்று தெரியாமல் முதல் பஸ் பிடித்து வந்திருப்பார். அவர் வீட்டில் அதே நேரத்தில் ஒரு பெண் குடங்களை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திருப்பார். 465 லிட்டர் என்றால் 15 லிட்டர் குடத்தில் 31 குடம். மாடி ஏறி இறங்கி முப்பத்தொரு நடை. குறிப்பில் இவர்கள் இருவருக்கும் இடம் இல்லை. 'ஸ்பிரிங்க்ளரை 20 நிமிடம் இயக்கவும்' என்ற வரியோடு முடிந்துவிடுகிறது.

'சருகுகளை அகற்ற வேண்டும்' என்பதையும் விட்டுவிட மனசு வரவில்லை. வேப்பஞ்சருகைக் கூட்டி, தெருமுனையில் கொளுத்தி, பக்கத்து வீட்டுப் பெரியவரை இரும வைத்துவிட்டு, பிறகு வேர் காயாமல் இருக்கக் கடையில் போய்த் தென்னை நார்க்கழிவுக் கட்டி வாங்குகிறோம். அந்தச் சருகையே செடியின் தூரில் இரண்டு மூன்று அங்குலம் பரப்பினால் அதற்கு விவசாயிகளிடம் ஒரு பெயர் இருக்கிறது. மூடாக்கு. ஈரம் நிற்கும், மண் கொதிக்காது, மக்கி உரமாகவும் ஆகும். ஓசி.

தூர்தர்ஷன் 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியைக் கிண்டல் செய்து ஜோக் எழுதிய தலைமுறை நாம். அதில் வந்தவர்கள் பயிர் எது, மண் எது, தண்ணீர் எது என்று சொல்லிவிட்டுத்தான் யோசனை சொன்னார்கள். போரடித்தது, உண்மை. ஆனால் அது நம்மைப் பற்றியது.

இந்த எழுத்தின் மேல் எனக்கு இருக்கிற பெரிய வருத்தம், அது நம் கோடையை ஒரு வியாதியாகவே பார்க்கிறது என்பது. பெட்டூனியாவும் டேலியாவும் ஏப்ரலில் கண்ணை மூடும். மூடட்டும், அவை குளிர்கால விருந்தாளிகள். அதே ஏப்ரல், மே மாதங்களில்தான் சரக்கொன்றை மஞ்சள் மஞ்சளாகத் தொங்குகிறது. காகிதப்பூ காம்பவுண்டுச் சுவரை மூடுகிறது. மல்லிகை விலை சரிந்து, அரைமுழம் வாங்கிய இடத்தில் நாலு முழம் வாங்குகிறார்கள். பழைய வீடுகளில் கிணற்றடித் தண்ணீர் வாழைக்கும், துவைகல் தண்ணீர் கல்வாழைக்கும் போகும். யாரும் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை. அந்தத் தோட்டங்களில் புல்வெளி இருந்ததா என்று உங்கள் பாட்டியைக் கேட்டால் சிரிப்பார். புல் முளைத்தால் பாம்பு வரும் என்று செதுக்கிவிடுவார்கள்.

மே மாதத்தில் மல்லிகை கொட்ட வேண்டுமென்றால் அதற்குரிய கோடைக் குறிப்பு ஏப்ரலில் வரக்கூடாது. நவம்பர் கடைசியில் செடியைக் கவாத்து செய்து, இலையை உதிர்த்து, தொழுஉரம் வைத்து, தளிர் விட வைக்க வேண்டும். மார்ச்சில் மொட்டு கட்டும். ஆனால் நவம்பர் இதழில் கோடைக் குறிப்புக்கு எந்த ஆசிரியர் பக்கம் ஒதுக்குவார்? தீபாவளி முடிந்து முகூர்த்தப் பட்டு விளம்பரத்துக்கே அப்போது இடம் போதாது.